ஏற்கெனவே இருக்கிறாள்

ஒன்று வரவேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தது.

வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணி. மணிமாறன் சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடி மடிக்கணினியின் திரையைப் பார்த்தான். வெளியே வெயிலில் எதிர்வீட்டுத் தகரக்கூரை விரிந்து டக்கென்று ஒரு சத்தம் போட்டது. ரயில் பாதைப் பக்கம் சரக்கு வண்டியொன்று நின்று நின்று இழுபடும் ஓசை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கு அவன் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. மதிய நேரத்தில் அங்கே ஒரு நாய்கூடக் குரைத்து அவன் கேட்டதில்லை.

மறுபடியும் ஓட்டிப் பார்த்தான். சேர்க்கப்பட்ட வரிகள்: பூஜ்யம்.

விழுப்புரத்து அறக்கட்டளை ஒன்று சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை நடத்துகிறது. அதற்காக ஆறு பெண்கள் டேப்லெட்டோடு வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களைப் பதிகிறார்கள். அவர்கள் அனுப்புவதை எல்லாம் ஒரே பட்டியலில் சேர்க்கும், பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் மணிமாறனுடையது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. மாதக்கணக்காக அவனிடம் நேருக்கு நேர் பேசுகிறவர்கள் தண்ணீர் கேன் போடுகிறவரும் காஸ் சிலிண்டர்காரரும்தான்.

நிரலுக்கு ஒரே ஒரு நிபந்தனை. இதே கதவு எண், இதே பெயர், இதே பிறந்த தேதியில் ஒரு குழந்தை பட்டியலில் இல்லையென்றால் மட்டும் சேர், இருந்தால் விட்டுவிடு. முதலில் அதை இரண்டு படியாக எழுதியிருந்தான். இருக்கிறதா என்று பார், பிறகு சேர். பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவிலிருந்த கண்ணிமைப்பொழுதில் இன்னொரு டேப்லெட் உள்ளே புகுந்து, முகையூரில் ஒரு பையனுக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இரண்டையும் ஒரே கட்டளையாக்கினான். 'இல்லாதபோது மட்டும்' என்ற கேள்வியையே சேர்க்கும் கட்டளைக்குள் வைத்துத் தைத்துவிடப் பைத்தானில் வசதி இருந்தது. இப்போது ஒரு பெயருக்கு ஓர் இடம்தான். முதலில் வருவது அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வருவது வந்த சுவடே தெரியாமல் போய்விடும். பிழைச் செய்திகூட வராது.

அன்றாட வேலையைத் தொடங்குமுன் நிரல் சரியாக ஓடுகிறதா என்று ஒரு வரியைச் சேர்த்துப் பார்ப்பது அவன் வழக்கம். சோதனைக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளும்படி அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவன் வைத்துக்கொள்ளவில்லை. உண்மையான பட்டியலிலேயே சோதிப்பான். சோதனைக்கு ஒரு குழந்தையின் பெயர் வேண்டும். பதினொரு மாதத்துக்கு முன் முதல் நாள் விரல்கள் தாமாகத் தட்டின: சங்கவி. பிறந்தது ஆகஸ்ட் ஒன்பது. கதவு எண் பதினாலு பார் மூன்று.

சங்கவி அவனுடைய மகள். ஏழு வயது. விழுப்புரத்தில் அம்மாவோடு இருக்கிறாள். அவள் அம்மா கலைப்பிரியா அவனைப் பிரிந்து போனபோது சண்டையென்று எதுவும் நடக்கவில்லை. "நீங்க இருந்தாலும் ஊட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பதினாலு பார் மூன்று என்பது அவன் தனியாக வாடகைக்கு இருக்கும் இந்த வீடு.

தினமும் மதியம் நிரலை ஓட்டுவான். 'ஒன்று' என்று வரும். பட்டியலில் அந்த வீட்டில் ஒரு குழந்தை இருப்பாள். அந்த வரியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழிப்பான். சில நாள் சாப்பிட்டு முடிக்கும்வரை இருக்கட்டுமென்று விட்டுவைப்பான். தட்டைக் கழுவிவிட்டு வந்து அழிப்பான்.

இன்று அழிக்காத வரி ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்தது.

நேற்று சோதனையே செய்யவில்லை; அவன் விழுப்புரம் போயிருந்தான். வரியைத் திறந்து பார்த்தான். பதிந்தது அந்த ஆறு பெண்களில் ஒருத்தியான அம்சவள்ளியின் டேப்லெட். நேற்று, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. பெயர், பிறந்த தேதி, கதவு எண் மூன்றும் இருந்தன. பள்ளி, வகுப்பு, அம்மா பெயர் எல்லாம் காலி.

அம்சவள்ளியைக் கைப்பேசியில் கூப்பிட்டான். பின்னால் ஆட்டோ இரைச்சல் கேட்டது.

"சொல்லுங்க சார்."

"நேத்து நம்ம தெருவுக்கு வந்தீங்களாம்மா?"

"வந்தேனே சார். டவுன்ல இந்த வாரம் அந்த ஏரியாதான். உங்க ஊடுன்னு எனக்குத் தெரியவே தெரியாது, வாசல்ல உங்க பேரப் பாத்துதான் தெரிஞ்சிகினேன். நல்லா பண்ணீங்க சார், பாப்பாவ உள்ள வச்சிப் பூட்டினு போயிட்டீங்களே. பாவம் சார் அது."

தட்டிலிருந்த ரசம் அவன் லுங்கியில் சிந்தியது.

"யாரு பாப்பா?"

"உங்க பாப்பாதான். ஜன்னல்ல நின்னுகினு இருந்துச்சி. அப்பா எங்கன்னேன், விழுப்புரம் போயிருக்காருன்னுது. பேரு, பொறந்த தேதியெல்லாம் கடகடன்னு சொல்லுது. படிக்கறது எந்த ஸ்கூலுன்னு கேட்டா முழிக்குது. அம்மா பேரு கேட்டேன், அதுக்கும் தெரியல. வெறுமன சிரிச்சிகினே நிக்குது. சரி, பயந்துகிச்சி போல, சாரே அப்புறம் போட்டுக்கட்டும்னு வந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏன் சார், தப்பா ஏதாவது பதிஞ்சிட்டேனா? பேஜாராயிடப் போவுது."

"இல்லம்மா. ஒண்ணுமில்ல."

கைப்பேசியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் அவனுடைய மேஜை. மேஜைக்கு அடியில் வயர்க் குவியல். ஜன்னலோரம் நிற்க வேண்டுமென்றால் மேஜைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடத்தில்தான் நிற்க வேண்டும். அவன் நாற்காலிக்குப் பின்னால். தோளை ஒட்டி.

எழுந்து உள்ளறைக்குப் போனான். சங்கவிக்காகப் போட்ட கட்டில், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு ஒரு தலையணை, மூடிய அலமாரி. புழுங்கிய துணி வாடை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். தூசிதான் இருந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தான். பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிள்ளை ஏதாவது விளையாடியிருக்கும். ஆனால் அதற்குப் பிறந்த தேதி எப்படித் தெரியும் என்ற கேள்வியை அவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

வரியை அழித்தான். அழிக்கப்பட்டவை: ஒன்று. மறுபடியும் தேடினான். இல்லை. மனம் அடங்கியது.

மாலை ஐந்து மணிக்கு அந்த நாளின் கடைசிப் பதிவுகளைச் சேர்க்கும்போது பார்த்தான். அது மறுபடியும் இருந்தது. இந்த முறை எந்த டேப்லெட்டின் பெயரும் இல்லை. பதிந்தவர் என்ற இடம் காலி. நேரம், பிற்பகல் ஒன்று ஐந்து. அவன் அழித்த அதே நிமிடம்.

யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியது. யாரிடம்? கைப்பேசியில் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தான். கடைசியில் அதைக் கவிழ்த்து வைத்தான்.

கலைப்பிரியாவிடம் சொல்ல முடியாது. நேற்று விழுப்புரத்தில் அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூட வாசலில் ஒரு மணி நேரம் நின்று பேசி அவளைச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்திருந்தான். இந்தச் சனிக்கிழமை அவள் சங்கவியோடு வருவாள். வீட்டைப் பார்ப்பாள். பிடித்திருந்தால் பிள்ளையை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போவாள். இரண்டு வருடத்தில் முதல் முறை. "பாப்பா பயந்துட்டான்னு வச்சிக்கோங்க, அதோட முடிஞ்சது. அப்புறம் கேக்காதீங்க" என்று சொல்லியிருந்தாள். வீட்டில் ஏதோ இருக்கிறது, வரவேண்டாம் என்று அவனே சொன்னால் அவள் என்ன நினைப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை சங்கவி கூப்பிட்டாள். வேலை செய்தபடியே கேட்கலாமென்று ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தான். அவள் குரல் வீடெல்லாம் நிறைந்தது.

"ப்பா, நாளைக்கு வர்றேன். மல்லாட்ட வேவச்சித் தருவியா?"

"கண்டிப்பா தர்றேன்டா."

"எங்க மிஸ்ஸு பேரு என்னன்னு சொல்லு பாக்கலாம். தெரியாதே! அஸ்வினி மிஸ்ஸு. நான் ரெண்டாவது பி செக்‌ஷன். கோபி இல்ல, கோபி, அவன் என் பல்லு விழுந்ததப் பாத்து பொக்கவாயின்றான்ப்பா. கீழ் பல்லு. நான் அத ஓட்டு மேல தூக்கிப் போட்டுட்டேன்."

அவன் சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரிப்புச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. சிரிப்பு அடங்கியபோது இன்னொன்று அடங்க ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. எதிரொலியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான். சாமான் குறைவான வீடு.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றாகத் தளர்ந்து கடைசியில் கிறீச்சென்று நின்றது. அதுவரை விசிறிச் சத்தத்தில் மறைந்திருந்த ஓசைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. குளிர்பெட்டியில் நீர் சொட்டுவது. பல்லி. சுவர்க் கடிகாரம். அவற்றுக்கெல்லாம் கீழே, உள்ளறையில், யாரோ முணுமுணுக்கும் சத்தம்.

பாடம் மனப்பாடம் செய்கிற குரல் அது. ஏற்ற இறக்கமில்லாமல், அவசரமில்லாமல், முடிந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கும் குரல்.

"சங்கவி. ஆகஸ்ட் ஒம்பது. பதினாலு பார் மூணு. ரெண்டாவது பி. அஸ்வினி மிஸ்ஸு. கீழ் பல்லு."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். எழ வேண்டும் என்று நினைத்தான். உள்ளறைக் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"ஓட்டு மேல. ஓட்டு மேல தூக்கிப் போட்டுட்டேன்."

அதன்பின் ஒரு சின்னச் சிரிப்பு. அவன் சிரித்த அதே அளவு. அவன் சிரித்த அதே மாதிரி.

மின்சாரம் வந்தது. விசிறி சுழன்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. மணிமாறன் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு வந்தான். பொழுது சாயும்வரை தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்று ரயில் நிலையத்தின் நடைமேடையில், விளக்குக்குக் கீழே படுத்தான்.

சனிக்கிழமை பட்டப்பகலில்தான் வீட்டுக்குத் திரும்பினான். கதவை அகலத் திறந்து வைத்தான். வீட்டைப் பெருக்கினான். சங்கவி கேட்ட மல்லாட்டைக்காக நிலக்கடலையை ஊறப் போட்டான். உள்ளறையின் ஜன்னலைத் திறந்தபோது வெயில் கட்டில்மேல் சதுரமாக விழுந்தது. ஒன்றுமில்லை. தலையணையின் பிளாஸ்டிக் உறை மட்டும் பிரிக்கப்பட்டு, ஒழுங்காக நாலாக மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைக்கப்பட்டிருந்தது.

பட்டியலைத் திறந்தான். வரி இருந்தது. காலியாக இருந்த இடங்கள் நிரம்பியிருந்தன. வகுப்பு: இரண்டு, பி பிரிவு. ஆசிரியர்: அஸ்வினி. குறிப்பு: கீழ்ப்பல் விழுந்தது. அம்மா பெயர் மட்டும் இன்னும் காலி.

அழிக்கும் கட்டளையைத் தட்டினான். விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

அழித்தால் மறுபடியும் வரும். வியாழக்கிழமை பார்த்தாயிற்று. அதைவிட, திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க அந்த வரியில் பொய்யென்று ஒன்றுகூட இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. இன்னும் மூன்று மணி நேரத்தில் சங்கவி இந்த வீட்டில் இருப்பாள். இரண்டாம் வகுப்பு, பி பிரிவு. கீழ்ப்பல் விழுந்தவள். எல்லாம் சரி. பட்டியல் கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். உண்மையான பிள்ளை வந்து, உண்மையான சத்தம் வீட்டை நிறைத்தால் மற்றது தானாகப் போய்விடும். இரண்டு வருடம் தனியாக இருந்த மனிதனின் மனது இப்படித்தான் கணக்குப் போட்டது.

கட்டளையை அழித்தான். வரியை விட்டுவிட்டான்.

நாலே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது.

"ப்பா! கூட்டேரிப்பட்டு தாண்டிட்டோம்! ஜன்னல் சீட்டு எனக்கு!"

"அம்மா எங்கடா?"

"பக்கத்துல தூங்கறா. கலைப்பிரியா டீச்சர் தூங்கறாங்கப்பா!" வாய்விட்டுச் சிரித்தாள். "நீ மேம்பாலத்துக்கிட்ட வந்து நில்லு. ஜல்தி!"

அப்போதுதான் கவனித்தான். கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. நேற்றுக் காலைபோலவே, கைப்பழக்கத்தில் போட்டிருந்தான்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்துகொண்டதுபோல.

கைப்பேசியை மேஜைமேலேயே விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினான். சாவியை எடுக்கும்போது, கதவின் அந்தப் பக்கம், உள்தாழ்ப்பாள் மெதுவாக இறங்கி விழுந்தது.

ஓடினான்.

மேம்பாலத்தடியில் சனிக்கிழமைக் கூட்டம். பூக்கூடைகள், டீசல் புகை, வறுத்த கடலை வாசம், ஷேர் ஆட்டோக்காரர்களின் கூப்பாடு. இத்தனை மனிதர்களைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகப்போவதில்லை என்று அங்கே நின்றபடி முடிவு செய்தான். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். மயிலம் கோயிலுக்குப் போகலாம். லாட்ஜில் தங்கலாம். உண்மையைச் சொல்லிவிடலாம்.

சென்னைக்குப் போகும் பேருந்து வந்து நின்றது. முன்படியில் கலைப்பிரியா இறங்கினாள். தோளில் கைப்பை. முகத்தில் தூக்கக் கலக்கம். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் இறங்கினார். பிறகு யாருமில்லை.

"பாப்பா எங்க கலை?"

"என்னது?"

"சங்கவி எங்க?"

அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "வெளையாடாதீங்க. புதன்கிழம நீங்கதான வந்து கூட்டினு போனீங்க. மூணு நாளா எனக்கு அங்க கையும் ஓடல, காலும் ஓடல. அவளத் தனியாவா உட்டுட்டு வந்தீங்க?"

"இப்ப பேசனாளே. உன் போன்ல இருந்து. பஸ்ல இருந்து."

"யாருங்க? நான் தூங்கினு இல்ல வந்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

மூன்றாவது ஜன்னல். சங்கவி. இரட்டைப் பின்னல், ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. சாத்திய கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தியிருந்தாள். வாய் திறந்து மூடியது. அப்பா. சத்தம் வரவில்லை.

"அதோ! கலை, அதோ பாரு!"

கலைப்பிரியா அந்த ஜன்னலைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

கூட்டத்தை முட்டிக்கொண்டு பேருந்தில் ஏறினான். மூன்றாவது இருக்கை காலி. ரெக்ஸினில் கை வைத்தான். சூடு. கண்ணாடியின் உட்பக்கத்தில் பத்துச் சின்ன விரல்களின் ஈரம், அவன் பார்க்கப் பார்க்கவே உலர்ந்துகொண்டிருந்தது.

"யோவ், மெட்ராஸா?" நடத்துனர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"இங்க ஒரு பாப்பா... இந்த சீட்ல..."

"விழுப்புரத்துல இருந்து அது காலியாதான் வருது சார். ஒருத்தரும் குந்த மாட்டேன்றாங்க. வர்றியா, எறங்கறியா? ஜல்தி."

இருக்கைக்கு அடியில் பார்த்தான். பின்வரிசைவரை போய்ப் பார்த்தான். "சங்கவி" என்று கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ அவன் தோளைப் பிடித்துப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். விசில். கால் தரையில் பட்டதும் திரும்பினான்.

மூன்றாவது ஜன்னல். சங்கவி.

அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடியைத் தட்டினாள். உள்ளங்கையால். பிறகு முஷ்டியால்.

பேருந்து நகர்ந்தது.

ஓடினான். தகரத்தை அறைந்தான். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். அது வேகம் பிடித்தது. ஒரு கை இடைவெளி. ஒரு ஆள் இடைவெளி. கால் இடறி ரோட்டில் விழுந்தான். முழங்கை கிழிந்தது. ஒரு பெயருக்கு ஓர் இடம்தான்.

கலைப்பிரியா பின்னாலேயே ஓடிவந்து அவனைத் தூக்க முயன்றாள். அவள் கைப்பேசி அடித்தது. திரையில் மணிமாறனின் எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் தளர்ந்து இளகியது.

"பாப்பாதான்" என்றாள். காதில் வைத்தாள். "சொல்லுடா கண்ணு... அப்பா இங்கதான் இருக்காரு... ஒண்ணுமில்லடா, இதோ வந்துகினே இருக்கோம்... என் பேரா? ஏன்டி, அம்மா பேரு தெரியாதா உனக்கு? கலைப்பிரியா... ஆமா, கலைப்பிரியா... சரி, கேளு. யாரு வந்து தட்டினாலும் கதவத் தெறக்காத. உள்ளயே இரு."

சென்னைச் சாலையில் பேருந்து வளைந்தது. மாலை வெயில் எல்லாக் கண்ணாடிகளிலும் பட்டு எரிந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் சங்கவி தட்டுவதை நிறுத்தியிருந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து, அவன் விழுந்து கிடந்த இடத்தையே பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து இருக்கையில் புதிதாக ஏறிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெயில் படாத இடமாகப் பார்த்து, ஜன்னலோரமாக, அவள்மேலேயே நகர்ந்து உட்கார்ந்தார்.